பின்கதவைத் திறக்காத மழைநாள்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. மழை பிடித்துக்கொண்டது, எழுந்து போக வழியில்லை. ஒரு காதல் கதை சொல்கிறேன்...

அன்றைக்கும் தூறல்தான். சோதனைச் சாவடியில் ஒரு பச்சை வேன் வந்து நின்றது. அங்கே காவலுக்கு நின்ற போலீஸ்காரப் பெண் கிட்டே போனாள். ஓட்டி வந்தவன் கண்ணாடியை இறக்கினான். உரிமம் சரி, வண்டிக் காகிதம் சரி. அவன் கண்கள்தான்... மழை கழுவிவிட்ட மாதிரி அப்படியொரு அமைதி!

"பின்கதவைத் திறங்க."

"எதுக்குன்னு கேக்கலாமா மேடம்?"

"சும்மா ஒரு பார்வைதான்..."

"சும்மான்னா வேண்டாம் மேடம். எனக்குச் சம்மதம் இல்ல."

அவளுக்குச் சுருக்கென்றது. பின்னால் வரிசையாக ஹாரன் சத்தம். கூடாரத்திலிருந்து பெரிய அதிகாரி சிரித்தார். "என்னம்மா, அவரு உனக்கு உத்தரவு போடுறாரா? திறந்து பாரு!"

சட்டப்படி, சந்தேகப்பட ஒரு காரணம் இருந்தால்தான் திறக்கலாம். அவளும் தேடித்தான் பார்த்தாள்... அகப்படவில்லை. திமிர் பிடித்தவன்! ஆனால் திமிர் குற்றமில்லையே. வேண்டாம் என்பதும் குற்றமில்லையே.

"போங்க," என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவன் போனான். மறுநாளே அவளுடைய சாலை வேலையும் போனது. "ஸ்டேஷன்ல உக்காந்து சட்டம் படி," என்றார் பெரிய அதிகாரி. ஆசை ஆசையாய்க் கேட்டு வாங்கிய வேலை! மேசையில் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் அந்தக் கண்களைத் திட்டினாள். திட்டுவதற்காவது நினைத்தாள், பாருங்கள்...

வெயில் காலம் வந்தது. ஒருநாள் பெரிய அதிகாரியின் ஜீப்புக்குள் தேனீக் கூட்டம் குடியேறி, ஸ்டீயரிங்கில் தாடி மாதிரித் தொங்கியது. ஆளாளுக்கு ஓட்டம்! தேனீ வளர்ப்பவரைக் கூப்பிட்டவள் அவள்தான். வந்து நின்றது... பச்சை வேன்.

"ஜீப்பைத் திறக்கலாமா மேடம்?"

"காரணம்?" என்றாள், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ராணித் தேனீயைப் பெட்டிக்குள் விட்டான். மற்றவை பின்னாலேயே நுழைந்தன. வெளியே பறக்கப் போனவை பொழுது சாய்ந்துதான் திரும்பும். அதுவரை காத்திருக்க வேண்டும். அவள் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள்.

"அன்னிக்கும் உள்ள இதுங்கதானா? சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"முன்னாடி ஒரு சாவடியில சொன்னேன் மேடம். கதை விடுறேன்னு பெட்டியைத் திறந்துட்டாங்க. கொட்டுற மழை... ஒரு கூட்டமே ரோட்டுல செத்துப்போச்சு. அதுக்கப்புறம் விளக்கம் சொல்றதில்ல. வேண்டாம்னு மட்டும் சொல்வேன். அதைக் காதுல வாங்கினது நீங்க மட்டும்தான்."

போன வேலை அவளுக்கு அப்போதும் வலித்தது. ஆனால் அது வீணாகப் போகவில்லை.

"அப்புறம் அந்தப் பக்கம் வந்து உங்களைத் தேடினேன்."

"எதுக்கு?"

"நன்றி சொல்ல..." தலையைச் சொறிந்தான். "பொய். பாக்கத்தான். மனசுல நீங்கதான் இருக்கீங்க. வேண்டாம்னா சொல்லுங்க, ஏன்னு கேக்கமாட்டேன்."

கடைசித் தேனீயும் உள்ளே போயிற்று. அவன் பெட்டியை வேனில் ஏற்றினான். அவள் தொப்பியைக் கழற்றினாள்.

"திறங்க."

"பின்கதவையா மேடம்?"

"முன்கதவை. என் வேலை நேரம் முடிஞ்சுது... மேடமும் முடிஞ்சுது."

உங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் கேட்டு நுழைகிறவர்களாக வரட்டும், கண்ணுகளா. வேண்டாம் என்ற சொல்லுக்கு அங்கே மரியாதை இருக்கட்டும். சரி என்ற சொல்லுக்குத் தேன் இருக்கட்டும்.