தேன்காட்டியின் பங்கு

ஆசுமானே கூப்பிடும் முன்பே, தேன்கூட்டுக்கு வழிகாட்டும் தேன்காட்டிப் பறவை வந்துவிட்டது. வழக்கமாக ‘ப்ர்ர்ர்-ஹ்ம்’ என்று நாலைந்து தடவை தொண்டையை உருட்டினால்தான் எங்கிருந்தோ பதில் வரும். இன்று அவன் லுஜெண்டா ஆற்று மணலைத் தாண்டியதுமே தலைக்கு மேல் கிளையில் உட்கார்ந்து, தீப்பெட்டியைக் குலுக்குவதுபோல் சளசளத்துக்கொண்டிருந்தது.

அவன் தேனுக்கு வரவில்லை. நேற்றுக் காலை இதே பறவையின் பின்னால் போன தங்கை புருஷன் கலஞ்சே இன்னும் வீடு திரும்பவில்லை.

கூட்டை வெட்டியதும் மெழுகை இலையில் வைத்துப் பறவைக்கு விட்டுவர வேண்டும். போன தடவை ஆசுமானே அதைக் குழிதோண்டிப் புதைத்துவிட்டான்.

“வயிறு ரொம்புனா ரெண்டு நாளைக்கு எட்டிப் பாக்காதும்மா. பசியோட இருந்தாத்தான் திரும்பக் கூட்டிட்டுப் போகும்,” என்று விடிகாலையில் தங்கையிடம் சொல்லிப் பார்த்தான்.

“அதோட பங்கைப் புதைச்சது நீ அண்ணே. போனது என் புருஷன்,” என்றாள் அத்திஜா. அவள் அழவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

“கூட்டிட்டு வரேன்.”

பறவை மரம் மரமாகத் தாவ, அவன் பின்னால் போனான். முட்டியளவு காய்ந்த புல்லில் காட்டெருமைச் சாணி நாற்றமும் பழைய தீயின் சாம்பல் வாசனையும் கலந்து அடித்தன. மத்தியான வெயிலில் கழுத்தைப் பிடுங்கும் ஈக்கள் ஒன்றுகூட இல்லை. பள்ளத்தில் இம்பாலா மான்கள், நாற்பதாவது இருக்கும், எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நின்றன, அவன் கைக்கெட்டும் தூரத்தில் கடந்துபோயும் ஒன்றுகூடத் துள்ளி ஓடவில்லை. திரும்பிவிடலாமா என்று நினைத்தான். அத்திஜாவிடம் என்ன சொல்வது?

அப்போது கேட்டது. ப்ர்ர்ர்-ஹ்ம்.

கலஞ்சேதான். கடைசியில் லேசாக மூக்கால் இழுக்கும் அதே குரல். அப்பாடா என்றிருந்தது.

“ஏ மாப்ளே, ராத்திரி முழுக்க இங்கயா கெடந்தே? அங்க உன் பொண்டாட்டி என் உசுரை எடுக்கிறா.”

பதிலுக்கு மறுபடியும் ப்ர்ர்ர்-ஹ்ம்.

ஆனைப்புளி மரத்தடியில் கலஞ்சே சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மடியில் கோடாலி. பக்கத்தில் பற்றவைக்காத புகைப்பந்தம். தலை அண்ணாந்திருந்தது. வாய் பிளந்திருந்தது.

வாய்க்குள் தேனடை.

பல் தெரியவில்லை. நாக்கு தெரியவில்லை. புது மெழுகு, வெள்ளை வெளேரென்று. ஒரே நாளில். தேனீக்கள் உள்ளே போயின, வந்தன. கண் இமைக்கவில்லை. நெஞ்சு ஏறி இறங்கவில்லை. தொண்டை மட்டும் உருண்டது.

ப்ர்ர்ர்-ஹ்ம்.

பறவை இறங்கி கலஞ்சேயின் கீழுதட்டில் உட்கார்ந்தது. அவசரமில்லாமல் மெழுகைக் கொத்தித் தின்றது.

ஆசுமானே கத்த வாயைத் திறந்தான்.

பறவை தின்பதை நிறுத்தியது. அவன் வாயைப் பார்த்தது.

சட்டென்று மூடிக்கொண்டான். இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டான்.

நாக்குக்கடியில் தித்தித்தது. பிறகு, ஏதோ ஊர்ந்தது.