கப்பலுக்காக ஒரு பொய்ச் சத்தியம்

"எட்டு மணிக்கெல்லாம் வண்டி வந்துரும்னு உன் புள்ளை கிட்ட சொல்லு."

குணசேகரன் இதைச் சொன்னது சமையலறை வாசலில் நின்றுகொண்டு. அவர் சொன்ன அந்தப் பிள்ளை, தேவா, நாலடி தள்ளிக் கூடத்தில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். காது ஒன்றும் செவிடு இல்லை அவனுக்கு.

"மா, நான் ஏழு மணிக்கே ரெடியா கீறேன்னு சொல்லு," என்றான் அவன், தரையைப் பார்த்து.

புளிசோற்றை டப்பாவில் அழுத்திக்கொண்டிருந்த கஸ்தூரி இரண்டு பேருக்கும் பொதுவாக, "சரி சரி," என்றாள். வேறென்ன சொல்வாள்?

மகள் எழில் தலையில் துண்டோடு வந்தாள். காலேஜில் கடைசி வருஷம். வாய் மட்டும் எப்போதோ படித்து முடித்துவிட்டது. "கப்பல்ல மூணு வேளையும் சோறு போடறாங்கம்மா. நீ இன்னாத்துக்கு புளிசோறு கட்டிகினு கீறே? என் பிரெண்ட்ஸு கேட்டா சிரிப்பாளுங்க. ஏற்கனவே 'அப்பா அம்மா கூட கப்பலா? தூங்கிட்டு வாடி'ன்னு ஓட்றாளுங்க. எங்க வயசுல எவளாவது பெருசுங்க கூட மூணு நாள் கடல்ல போவாளா?"

"வா கண்ணு... அம்மாவுக்காக வா," என்றாள் கஸ்தூரி. எழில் அதோடு வாயை மூடிக்கொண்டாள்.

ஆவடி குவார்ட்டர்ஸில் அந்த வீட்டில் அப்பனும் மகனும் நேருக்கு நேர் பேசி இரண்டு வருஷம் ஆகிறது. பெரிய குடும்பத் துரோகம் ஒன்றும் இல்லை. குணசேகரன் முப்பத்தாறு வருஷமாக வேலை பார்க்கிற பேக்டரியில் அப்ரண்டிஸ் பரீட்சைக்குத் தேவாவுக்குக் கடிதம் வந்திருந்தது. அவர் வரிசையில் நின்று மனு வாங்கி, தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். பரீட்சை அன்றைக்கு அவன் வேலப்பன்சாவடியில் வீடியோ எடிட்டிங் கம்பெனி ஒன்றின் இன்டர்வியூவுக்குப் போய்விட்டான். வேலையும் கிடைத்துவிட்டது. அன்று சாயங்காலம் அக்கம்பக்கம் எல்லாம் பார்க்க, "இனிமே என் கூட பேசாதே," என்றார் அப்பா. கோபத்தில் வந்த சொல் அது. மகன் அதைக் கல்வெட்டாக எடுத்துக்கொண்டான். அவன் பேசாமல் இருந்ததை அவர் திமிர் என்று எடுத்துக்கொண்டார். ஒருத்தருக்கொருத்தர் சளைத்தவர்களா என்ன!

நடுவில் மாட்டிக்கொண்டவள் கஸ்தூரி. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று சும்மாவா சொன்னார்கள்? அவர் கோபம் வந்தால் "நீ குடுத்த செல்லம்" என்று அவள்மேல் பாய்வார். இவனுக்குக் கோபம் வந்தால் "நீ எப்பவும் அவர் கட்சி" என்று அவள்மேல் பாய்வான். இருவர் சொல்லையும் வாங்கிக்கொண்டு, சாதத்தையும் போட்டு, கண்ணை முந்தானையில் துடைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள்.

இதில் கொடுமை ஒன்று இருந்தது. ஒவ்வொரு நாளும் ஷிப்ட் முடிந்து வந்து சட்டையைக் கழற்றும்போதே குணசேகரன், "சாப்டானா?" என்று கேட்பார். ஒரு நாள் தவறியதில்லை. அதை அவள் மகனிடம் சொன்னால், "அவரா கேட்டாரு? நீயா சொல்ற," என்பான். அவருக்கு டெங்கு ஜுரம் வந்து கிடந்தபோது கொட்டுகிற மழையில் பூந்தமல்லி வரை அலைந்து மருந்து வாங்கி வந்தவன் தேவா. அதை அவரிடம் சொன்னபோது, "உன் புள்ளைய நீ வுட்டுக் குடுப்பியா?" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அம்மாக்காரி சமாதானத்துக்குப் பூசி மெழுகுகிறாள் என்றே இருவரும் முடிவு கட்டியிருந்தார்கள்.

இந்த மாதக் கடைசியோடு அவருக்கு ரிட்டயர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்து சென்னீர்குப்பத்து வீட்டுக்குப் போக வேண்டும். அடுத்த மாதம் ஒன்றாம் தேதி தேவா பூனாவில் புது வேலைக்குப் போகிறான். ஒரே வீட்டில் இருந்தே பேசாதவர்கள் அப்புறம் போன் போட்டா பேசப் போகிறார்கள்? பேசாமலே பிரிந்துவிட்டால் இது ஜென்மப் பகையாகிவிடும் என்று கஸ்தூரிக்குத் தூக்கமே பிடிக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் எதிர்வீட்டு நாகவல்லி குடும்பத்தோடு கப்பலில் போய் வந்து கதை சொன்னாள். "கடலுக்குள்ள போய்ட்டா போன் கூட எடுக்காதுக்கா. புருஷன், புள்ளைங்க எல்லாம் எங்க ஓடும்? சுத்திச் சுத்தி நம்ம கிட்டதான் வந்தாவணும்."

கஸ்தூரி மனசில் அது ஆணியடித்தது போல இறங்கியது. பிளவுஸ் தைத்துச் சேர்த்து மோட்டார் தையல் மிஷின் வாங்க வைத்திருந்த பணத்தை எடுத்தாள். கால் மிஷினிலேயே மிதித்துக்கொள்ளலாம், முட்டி வலித்தால் வலித்துவிட்டுப் போகட்டும். அப்புறம் புருஷனிடம் போய், "தேவாவுக்கு ஆசைங்க. பூனா போறதுக்குள்ள நைனா கூட ஒரு வாட்டி கப்பல்ல போவணுமாம்," என்றாள். மகனிடம் போய், "நைனாவுக்கு ஆசைடா. நீ போறதுக்குள்ள உன் கூட போவணுமாம்," என்றாள்.

இரண்டு பேரும் தனித்தனியாக ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "நெசமாவா?"

"திருவேற்காட்டு ஆத்தா மேல சத்தியம்," என்றாள் கஸ்தூரி, இரண்டு தரமும். வருஷா வருஷம் ஆடியில் அந்தச் சந்நிதியில் கூழ் ஊற்றுகிறவள் அவள். ஆத்தா பேரில் பொய்ச் சத்தியம் செய்தது பிறந்ததிலிருந்து அதுதான் முதல்.

அப்படித்தான் அன்று காலை ஹார்பருக்குப் புறப்பட்டார்கள்.

கப்பல் என்றால் அது கப்பல் இல்லை, ஒரு ஊர். பத்து மாடி, நீச்சல் குளம், குழந்தைகளுக்குச் சறுக்குமரம், நாள் முழுக்கப் பாட்டு. பெட்டியை வைத்த அரை மணியில் எழிலைக் காணோம். தன் வயசுப் பெண்கள் நாலு பேரைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்தாள். காலையில் மூக்கால் அழுதவள் இவள்தானா என்று இருந்தது.

"இப்ப இன்னாடி சொல்ற?" என்று கேட்டாள் கஸ்தூரி.

"பகல்ல எங்க இஷ்டத்துக்கு வுட்டுடணும். சாப்பாட்டுக்கு மட்டும் ஒண்ணா உக்காரணும். அப்டின்னா பெருசுங்க கூடவும் நல்லாத்தான் கீது," என்று சொல்லிவிட்டு ஈரக்காலோடு ஓடினாள்.

ஆனால் அந்தச் சாப்பாட்டு மேஜைதான் கஸ்தூரிக்கு நரகமாக இருந்தது. எதிரும் புதிருமாக அப்பனும் மகனும். "இட்லியா பூரியான்னு அவனைக் கேளு." "பூரின்னு சொல்லும்மா." பரிமாற வந்த பையன் இவர் முகத்தையும் அவன் முகத்தையும் பார்த்துக் குழம்பிப்போனான். முதல் நாள் முழுக்க இதே கூத்து. தேவா செல்லில் சிக்னல் தேடிக்கொண்டு ஒரு மூலையில், குணசேகரன் கடலை முறைத்துக்கொண்டு இன்னொரு மூலையில். ஆத்தா, இதுக்கா உன் மேல் பொய் சொன்னேன் என்று கஸ்தூரி மனசுக்குள் முனகினாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பெரிய ஹாலில் குடும்ப விளையாட்டு. அப்பா ஒரு பலகை, பிள்ளை ஒரு பலகை. கேட்கிற கேள்விக்கு ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் பதில் எழுத வேண்டும். எழில் யாரிடமும் கேட்காமல் இவர்கள் பெயரைக் கொடுத்துவிட்டாள். மேடைக்குக் கூப்பிட்டபோது நாலு பேர் எதிரில் மாட்டேன் என்று சொல்ல இருவருக்கும் கூச்சம். ஏறி நின்றார்கள்.

மைக் பிடித்த பெண் சிரித்துக்கொண்டே கேட்டாள். "முதல் கேள்வி. இந்தக் கப்பல் பயணம் யாரோட ஆசை?"

கஸ்தூரி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். எழுந்து ஓடலாமா என்று பார்த்தாள். அதற்குள் பலகைகளைத் திருப்பியாகிவிட்டது.

அப்பா எழுதியிருந்தது: என் மகன். மகன் எழுதியிருந்தது: எங்க நைனா.

ஹால் முழுக்கச் சிரிப்பு. மேடையில் இருந்த இரண்டு பேர் மட்டும் சிரிக்கவில்லை. ஒருவர் பலகையை ஒருவர் பார்த்தார்கள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் திரும்பி, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த கஸ்தூரியைப் பார்த்தார்கள்.

வெளியே, தளத்தில், காற்று முந்தானையைப் பிடுங்கியது. குணசேகரன்தான் முதலில் ஆரம்பித்தார்.

"ஆத்தா மேல சத்தியம் பண்ணியே கஸ்தூரி... அம்மாம் பேர் எதிர்ல என் மானத்தையே கப்பலேத்திட்டியே."

"ஏற்கனவே கப்பல்லதான் கீறோம் நைனா," என்றாள் எழில் மெதுவாக. யாரும் சிரிக்கவில்லை.

"என்னை இன்னா பைத்தியக்காரன்னு நெனச்சியாம்மா?" என்றான் தேவா. அவன் கண் கலங்கியிருந்தது. "அவரா கூப்ட்டாருன்னு நம்பி... லீவு போட்டு... எனக்கு எப்டி இருந்துச்சு தெரியுமா? எல்லாமே பொய்யா? தெனம் கேக்கறாரு, கேக்கறாருன்னு நீ சொன்னதெல்லாம்?"

இரண்டு வருஷம் வாங்கி வாங்கி வைத்தது அந்த இடத்தில் உடைந்தது. கஸ்தூரி குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று எழில் பிற்பாடு சொன்னாள்.

"ஆமா, பொய்தான். ரெண்டு வருசத்துல நான் சொன்ன ஒரே பொய் இந்தக் கப்பல்தான்." புருஷன் பக்கம் திரும்பினாள். "ஏங்க, தெனம் வந்ததும் வராததுமா சாப்டானான்னு கேட்டது யாரு? அவன் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க, நான் கதை கட்டிச் சொன்னதா அது?"

குணசேகரன் தலையைக் குனிந்தார்.

"டேய், நைனாவுக்கு ஜொரம் வந்தப்ப மழையில நனைஞ்சிகினு மருந்துக்கு அலைஞ்சது யாரு? சொல்லுடா. நானா போனேன்?"

தேவா கடல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நெசத்தச் சொன்னேன். ரெண்டு பேரும் நம்பல. என்னைப் பொய்க்காரின்னீங்க. ஆத்தா மேல ஒரு பொய்யச் சொன்னேன்... ரெண்டு பேரும் பொட்டியத் தூக்கினு ஓடியாந்தீங்க. ஏன் வந்தீங்க? அவன் கூப்ட்டான்னதும் இவரு ஏன் வந்தாரு? இவரு கூப்ட்டாருன்னதும் நீ ஏண்டா வந்தே?" அவள் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். "ஆத்தா என்னைத் தண்டிச்சா தண்டிச்சிக்கட்டும். ஆனா இனிமே இவரு சொன்னாரு, அவன் சொன்னான்னு ஒரு வார்த்தை நான் தூக்க மாட்டேன். என்னால ஆவல."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், படியேறி மேல் தளத்துக்குப் போய்விட்டாள்.

மேலே ஆள் இல்லாத ஒரு பெஞ்சு. சுற்றிலும் வெயிலும் தண்ணீரும்தான். அங்கே உட்கார்ந்து கஸ்தூரி அடக்கமாட்டாமல் அழுதாள். இத்தனை காலம் உள்ளே சேர்த்து வைத்திருந்த அவ்வளவையும் அழுதாள்.

அரை மணி கழித்து எழில் மூச்சிரைக்க ஓடி வந்தாள். "மா, கீழ வா. ரெண்டு பேரும் சண்ட போட்டுக்கறாங்க."

"யாரு கிட்ட சொல்லி அனுப்பறாங்க?"

"யாரும் இல்லம்மா. நேராவே. அவரு 'ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாமேடா'ன்றாரு. அவன் 'சொன்னா வுட்டிருப்பியா நைனா'ன்றான். சத்தம் கப்பல் முழுக்கக் கேக்குது."

கஸ்தூரி மூக்கை உறிஞ்சினாள். "கேக்கட்டும். நான் வர மாட்டேன்."

எழில் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் தலையை வைத்துக்கொண்டாள். கீழே குரல்கள் ஏறின, இறங்கின. அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. அந்த அமைதிதான் கஸ்தூரிக்குப் பயமாக இருந்தது.

படியில் காலடிச் சத்தம். முதலில் தேவா வந்தான். முகமெல்லாம் வீங்கியிருந்தது. வந்தவன் அவள் காலடியில் தரையிலேயே உட்கார்ந்து மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். "நெசத்த சொன்னே... நாங்கதாம்மா நம்பல..." முதுகு குலுங்கியது. இருபத்தாறு வயசுப் பிள்ளையின் தலையை அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

பின்னால் குணசேகரன். அவர் கிட்டே வரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் தோள்துண்டால் கண்ணைத் துடைத்தார். "தப்புதான் கஸ்தூரி. அவன் மேல இருந்த ஆத்திரத்தையெல்லாம் உன் மேல கொட்டிட்டேன். நீ இல்லன்னா இந்த ஊடு எப்பவோ ரெண்டாப் போயிருக்கும்." அப்புறம் மகனிடமே நேராகச் சொன்னார். "உங்கம்மா நேத்துலேருந்து சரியா சாப்புடல. போய் ஏதாவது வாங்கினு வாடா."

தேவா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். இரண்டடி போய் நின்றான். "இன்னா வாங்கினு வர்றது நைனா? அம்மாவுக்கு இன்னா புடிக்கும்?"

குணசேகரன் வாயைத் திறந்தார். யோசித்தார். இருபத்தெட்டு வருஷம் அவள் கையால் சாப்பிட்ட மனுஷன்.

"எனக்கும் தெரியாதுடா," என்றார்.

எழிலைப் பார்த்தார்கள். அவளும் தலையை ஆட்டினாள்.

பிறகு குணசேகரன் மெல்ல நடந்து வந்து கஸ்தூரியின் முன்னால் நின்றார். யார் மூலமாகவும் இல்லாமல், அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"உனக்கு இன்னா வேணும்மா?"

இட்லியா பூரியா என்று ஊருக்கெல்லாம் கேட்டவள், தனக்கு எது என்று ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து முட்டின.

"யோசிச்சுச் சொல்றேன்," என்றாள். "அது வரைக்கும் ரெண்டு பேரும் இப்டி வந்து உக்காருங்க."