ஷாமிலா டீச்சர் வந்த ஞாயிற்றுக்கிழமை

"சேர், ஷாமிலா டீச்சர் தர்ஷிகா அக்காவை வரச் சொன்னாங்க!"

வகுப்பு வாசலில் ஒரு சிறுமி மூச்சு வாங்க நின்றாள். ஐந்தாம் தரத்துப் பிள்ளைகள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்களுக்கு இது பழகிப் போயிருந்தது.

பின்னக் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு தர்ஷிகா எழுந்தாள். "போயிட்டு வாம்மா," என்றார் சண்முகராஜா சேர்.

மைதானத்துக்கு அந்தப் பக்கம் விசேட கல்விப் பிரிவு. புதிதாக மஞ்சள் வண்ணம் பூசிய ஒற்றை அறை அது. அதன் வாசலில் தர்ஷிகாவின் தங்கை லோஜினி மண்ணில் உட்கார்ந்து, காதுகளைப் பொத்திக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள்.

"வாங்க பாப்பா, விளையாடப் போவோம். எல்லாரும் போறாங்க பாருங்க," என்று ஷாமிலா டீச்சர் பக்கத்தில் குனிந்து கெஞ்சிக்கொண்டிருந்தார்.

அக்காவைக் கண்டதும் லோஜினியின் அழுகை நின்றது. துள்ளி எழுந்து உள்ளே ஓடி, ஆணியில் தொங்கிய புத்தகப் பையை எடுத்து முதுகில் மாட்டிக்கொண்டாள்.

"வீட்டுக்கு இல்ல பாப்பா. இன்னும் பள்ளிக்கூடம் விடல," என்றாள் தர்ஷிகா.

மறுபடியும் அழுகை. இந்தத் தடவை இன்னும் சத்தமாக.

லோஜினிக்கு எட்டு வயது. காது நன்றாகக் கேட்கும். ஆனால் மற்றவர்கள் பேசுவது அவளுக்கு விளங்குவது கஷ்டம். அவளும் அதிகம் பேசமாட்டாள். "க்கா", "ம்மா", "தா". அவளிடம் இருந்த வார்த்தைகள் அவ்வளவுதான். இந்த வருஷம்தான் கொட்டகலைப் பக்கத்திலிருந்த அந்தப் பாடசாலையில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று தனி வகுப்புத் தொடங்கினார்கள். முதல் ஆளாக அம்மா போய் லோஜினியைச் சேர்த்துவிட்டு வந்தார்.

அன்று சாயங்காலம், தேயிலைத் தோட்டத்து லயத்தில் வரிசையாக இருந்த வீடுகளில் தங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கு வந்து கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த அம்மா, நடந்ததைக் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"ஒன் படிப்பும் கெடுது, இவளும் அங்க அழுதுகிட்டே இருக்கா. அடுத்த மாசத்துல இருந்து பாப்பா வீட்டுலயே இருக்கட்டும். பக்கத்து வீட்டுக் காளியாயி அத்தை பாத்துக்குவாங்க."

தர்ஷிகா யோசித்துப் பார்த்தாள். இனி யாரும் வகுப்பு வாசலில் வந்து கூப்பிட மாட்டார்கள். கணக்குப் பாடம் முழுவதையும் கேட்கலாம். இடைவேளையில் விளையாடலாம். ஒரு நிமிஷம் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு, காலையில் பஸ் வந்ததும் லோஜினி முந்திக்கொண்டு ஏறி, ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து கண்ணாடியில் மூக்கை அமுக்குவது ஞாபகம் வந்தது. அழுவதற்காகவா ஒருத்தி அப்படி ஆசையாக பஸ் ஏறுவாள்?

மறுநாள் தர்ஷிகா, யாரும் கூப்பிடாமலே ஷாமிலா டீச்சரிடம் போனாள்.

"டீச்சர், வீட்டுல லோஜினி இப்பிடி அழமாட்டா."

"அப்பிடியா? அங்க மட்டும் ஏன் அழமாட்டா?"

"தெரியல டீச்சர். நீங்க வந்து பாக்குறீங்களா?"

டீச்சர் மேசையில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை வரட்டுமா?"

விஷயத்தைக் கேட்ட அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார்.

"டீச்சரா? நம்ம காம்பராவுக்கா? அவங்க ஒக்கார ஒரு கதிரகூட இல்லியேடி!"

காளியாயி அத்தை தன் வீட்டுக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதற்கு ஒரு கால் கட்டை. டீச்சர் உட்கார்ந்ததும் அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. டீச்சர் சிரித்துக்கொண்டே எழுந்து தரையில் பாயில் உட்கார்ந்தார். அத்தைக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"நீங்க உங்க வேலையப் பாருங்கம்மா. நான் சும்மா பாத்துக்கிட்டு இருக்கேன்," என்றார் டீச்சர்.

அம்மா ரொட்டி தட்ட உட்கார்ந்தார். ஒரு தட்டை எடுத்து லோஜினியிடம் நீட்டினார். ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. லோஜினி வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

சாப்பிட்டு முடிந்ததும் அம்மா துவாயை எடுத்து அவள் தோளில் போட்டார். லோஜினி நேராக வெளியே தண்ணீர் கொட்டும் பீலிக்கு நடந்தாள். குளித்து வந்தபின் அம்மா சீப்பைக் காட்டினார். லோஜினி திரும்பி முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

தர்ஷிகா இதையெல்லாம் தினமும் பார்க்கிறவள்தான். ஆனால் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது, ஏதோ புதிதாகப் பார்ப்பதுபோல இருந்தது.

"அம்மா, நீ வாயத் தொறக்கவே இல்ல!" என்றாள்.

"பேசுனா அவளுக்கு வெளங்காதுல்ல. எதையாச்சும் கையில குடுத்தாத்தான் அடுத்தது என்னான்னு தெரியும்," என்றார் அம்மா.

ஷாமிலா டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் படம் காட்டிப் பாத்தேன். அது அவளுக்கு இன்னும் பழகல. சாமானையே கையில குடுத்துப் பாக்கணும். இது எனக்கு முதல்லயே தோணியிருக்கலாம்."

"விளையாடப் போறதுக்கு முன்னாடி பந்தக் குடுங்க டீச்சர்!" என்றாள் தர்ஷிகா. "சாப்பாட்டுக்குத் தட்டு. வீட்டுக்குப் போறப்ப பை."

சொல்லிக்கொண்டு வந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"டீச்சர், அப்ப நானும் ஒரு பைதான்."

"என்னா புள்ள சொல்ற?" என்றார் அம்மா.

"பள்ளிக்கூடம் விட்டா நான்தானே போய் பாப்பாவக் கூட்டிட்டு வர்றேன்? அதான் நடுவுல நான் போனாலும் வீட்டுக்குப் போறோம்னு நெனைக்கிறா. இல்லன்னு சொன்னதும் அழுவுறா. டீச்சர், இனிமே என்னைய நடுவுல கூப்பிடாதீங்க."

வரமாட்டேன் என்று சொல்வது தர்ஷிகாவுக்குத் தங்கையைக் கைவிடுவதுபோல இருந்தது. டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சரி. அவள அமைதியாக்குறது என் வேலை. நீ படிக்கிற வேலையப் பாரு." பிறகு அம்மாவிடம் திரும்பினார். "மாசத்துல ஒரு நாள் நம்ம வகுப்புப் பிள்ளைங்களோட அம்மா, அப்பா எல்லாரும் கூடிப் பேசுவோம். நீங்களும் வரணும். ஞாயித்துக்கிழமையிலயே வைக்கிறேன்."

"பாப்பாவ வீட்டுலயே வச்சிக்கலாம்னு நெனச்சேன் டீச்சர்," என்றார் அம்மா மெதுவாக.

"இன்னும் கொஞ்ச நாள் பாப்போம்மா."

திங்கட்கிழமை எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். அன்றும் லோஜினி அழுதாள். அந்தச் சத்தம் மைதானத்தைத் தாண்டி ஐந்தாம் தரத்துக்குள் வந்தது. தர்ஷிகா மேசையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். கால்கள் தாமாகவே எழப் பார்த்தன. சண்முகராஜா சேர் அவள் பக்கத்தில் வந்து நின்று, "இந்தக் கணக்க நீ சொல்லு பாப்போம்," என்றார்.

அடுத்த சில நாட்களில் அழுகை குறைந்தது. பிறகு ஒரு நாள் சத்தமே இல்லை. சத்தமில்லாததும் தர்ஷிகாவுக்குப் பயமாக இருந்தது. இடைவேளை மணி அடித்ததுதான் தாமதம், மைதானத்தின் குறுக்கே ஓடினாள்.

வகுப்பில் லோஜினி தட்டை மடியில் வைத்துக்கொண்டு கடலை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்தாள். பை தொங்கும் ஆணியைப் பார்த்தாள். பிறகு தன் தட்டைப் பார்த்தாள். கடலை இன்னும் இருந்தது.

தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். அக்காவின் இடுப்பில் இரண்டு கைகளையும் வைத்து வாசலுக்கு வெளியே தள்ளினாள்.

"க்கா, போ."

ஷாமிலா டீச்சர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். லோஜினி "போ" என்று சொல்லி யாரும் அதுவரை கேட்டதில்லை.

"போறேன், போறேன்!" என்று தர்ஷிகா சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே மைதானத்துக்கு ஓடினாள். அங்கே அவளுடைய தோழிகள் கயிறு அடித்துத் துள்ளிக்கொண்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் செய்தி லயம் முழுவதும் பரவிவிட்டது. அம்மா கூடையைக்கூட இறக்காமல் லோஜினியின் முன்னால் உட்கார்ந்து, "என்னையப் போன்னு சொல்லு பாப்பா, என்னையச் சொல்லு," என்று கேட்டுக்கொண்டே இருந்தார். லோஜினி அசையவில்லை.

கடைசியில் காளியாயி அத்தை வந்து அவள் கன்னத்தைக் கிள்ளினார்.

"போ!" என்றாள் லோஜினி.

ஊரிலேயே தனக்குத்தான் அந்த மரியாதை கிடைத்தது என்று சொல்லிக்கொண்டே, அத்தை வாயெல்லாம் பல்லாக வீட்டுக்குப் போனார்.