பதிலுக்கு இரண்டு தட்டு

ஃப்ளைவீல் அசையவில்லை. அதுதான் அர்பானிக்கு முதலில் உறுத்தியது.

போல்ட்டை முறுக்கினால் இன்ஜினோடு சேர்ந்த அந்தப் பெரிய இரும்புச் சக்கரமும் கூடவே சுற்றும். சுற்றாமலிருக்க ஒருவன் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, அதன் பல்லிடுக்கில் கடப்பாரையைக் கொடுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்று பிடிக்க ஆளில்லை. வெள்ளிக்கிழமை மதியம், இழுவைப் படகிலிருந்த எல்லோரும் ஜும்ஆ தொழுகைக்குக் கரையேறிவிட்டார்கள். சும்மா இழுத்துப் பார்ப்போமே என்றுதான் நீள ஸ்பேனரை மாட்டினான். போல்ட் முனகிக்கொண்டே கழன்று வந்தது. சக்கரம் இருந்த இடத்திலேயே இருந்தது.

போகும்போது கேப்டன் ருஸ்மின் ஏணியில் குனிந்து சீண்டிவிட்டுத்தான் போனார். "என்னப்பா, வாரா வாரம் இன்ஜினுக்கே சலாம் போட்டுக்கிட்டிருக்கப் போறியா?"

"வேலை கெடக்கு கேப்டன். நீங்க போங்க."

"என்ன பொல்லாத வேலை! ஜும்ரி போனதுலேர்ந்து பள்ளிவாசல் பக்கம் உன் நிழல்கூட விழலியே."

கூட வேலை பார்த்த ஜும்ரி செத்துப் போனது இதே இன்ஜின் அறையில், இந்தப் பல்லிடுக்கில் கையை விட்டிருந்தபோது. மகாகாம் ஆற்றுப் படகுகளில் ஒரு வழக்கம் உண்டு. ஸ்டார்ட்டர் பித்தானைத் தொடுமுன் மேல்தளத்தில் இரண்டு தட்டு தட்டுவார்கள். கீழே ஆள் இருந்தால் பதிலுக்கு இரண்டு தட்டுவான். அன்று மேலே நின்று தட்டியவன் அர்பானி. பதில் வந்தது, காதில் அறைந்த மாதிரி. தலைமை மெக்கானிக் வேலை ஜும்ரிக்குத்தான் என்று முந்தின நாள் முடிவாகியிருந்தது. அந்த வயிற்றெரிச்சலில் பித்தானை அழுத்திவிட்டான். பிறகு பார்த்தவர்களிடமெல்லாம் ஒரே பல்லவிதான்: "பதிலே வரல." ஊர் நம்பியது. வேலையும் அவனுக்கே வந்தது.

இரண்டாவது போல்ட்டும் அப்படியே சுலபமாக வந்தபோது, டீசலும் ஆற்றுச் சேறும் கலந்து புழுங்கிக் கிடந்த அந்த அறையில், சக்கரத்துக்கு அந்தப் பக்கமிருந்து கிராம்புச் சிகரெட் வாசனை மெதுவாக ஊர்ந்து வந்தது. ஜும்ரிக்குப் பிறகு இங்கே யாரும் அதைப் பிடிப்பதில்லை. அர்பானிக்குக் கை வியர்த்தது. மூன்றாவது போல்ட் வழுக்கி, சக்கரக் கூட்டின் அடியில் விழுந்தது.

பயப்பட என்ன இருக்கிறது? பேட்டரி வயர்களை அவனேதான் கழற்றித் துணி சுற்றி வைத்திருந்தான். முழங்கைவரை கையை உள்ளே விட்டுத் துழாவினான்.

சக்கரம் ஒரு பல் நகர்ந்தது.

விரல்கள் மாட்டிக்கொண்டன. இழுத்தான். வரவில்லை.

மேலே தட்டும் சத்தம். ஒன்று. இரண்டு.

இடது கையால் ஸ்பேனரைத் தேடி எடுத்தான். இரும்பில் ஓங்கி அடித்தான். ஒன்று. இரண்டு. "கேப்டன்! நான் கீழ இருக்கேன்! கை மாட்டிக்கிச்சு!"

தூரத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கி. தொழுகை இன்னும் முடியவில்லை.

படகில் யாருமில்லை.

மறுபடி அடித்தான். இரண்டு. இரண்டு. இரண்டு. ஸ்பேனர் கை நழுவி ஓடியது. முஷ்டியால் அடித்தான். தோல் கிழிந்தது.

மேலே ஒருவன் நிதானமாகப் புகையை ஊதினான். யாரிடமோ சொல்வதுபோல் சொன்னான். ஜும்ரியின் குரல்.

"பதிலே வரல."

பித்தான் அழுந்தும் சத்தம்.

துணி சுற்றிய வயர்கள் காலடியில் அப்படியே கிடந்தன. சக்கரம் மெல்லச் சுற்றத் தொடங்கியது.