ஒற்றைக் கைச் சட்டை

ஜீவராணி காணொளி அழைப்பை எடுத்ததும் தட்டும் சத்தம்தான் முதலில் கேட்டது. பிறகுதான் நிரஞ்சனின் மூச்சு. திரையில் நோர்வே நாட்டுப் பழைய கல் தேவாலயம் ஒன்றின் பலகைத் தரை தெரிந்தது. அதைப் பெயர்த்துப் புதுப்பிக்கும் வேலையில் அவன் அண்மையில்தான் சேர்ந்திருந்தான். இலங்கை மலைநாட்டில், கந்தப்பளைத் தோட்டத்து லயத்து வீட்டில் அவன் மனைவியான அவள் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். அந்தி மூட்டம் தேயிலை மலையை மறைத்திருக்க, ஈர மண் வாடையும் அடுப்புப் புகையும் கதவிடுக்கால் உள்ளே வந்துகொண்டிருந்தன.

“யாருங்க தட்டுறது?”

“நீதான் தட்டுறேன்னு நெனச்சேன் ஜீவா. இங்க எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க.”

அந்தத் தேவாலயத்துப் பெரியவர் ஒருவர் சொன்ன கதையைச் சொன்னான்.

“ஞானஸ்நானம் குடுக்க முந்தி செத்த பிள்ளைங்கள அந்தக் காலத்துல கோயில் மண்ணுல பொதைக்க விடமாட்டாங்களாம். தாய்மாருங்க சின்னப் பெட்டியில வச்சு, யாருக்கும் தெரியாம இந்தப் பலகைக்குக் கீழ தள்ளி விட்டுருவாங்களாம். எண்ணூறு வருஷக் கோயில். எத்தன பெட்டியோ.”

ஜீவராணியின் பிள்ளையும் மூச்சில்லாமல்தான் பிறந்தது. பெயர் வைக்கவில்லை, ஒப்பாரி வைக்கவில்லை. ஆண்கள் புதைப்பதற்குத் தேயிலைக்குள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பிறக்குமுன் சட்டை தைக்கக் கூடாதென்று எல்லோரும் சொல்லியும், ஆசை கேட்காமல், சேலைத் துண்டில் மஞ்சள் சட்டை ஒன்றை ஒளித்துத் தைத்திருந்தாள். ஒரு கை வைத்து, மறு கை வைப்பதற்குள் வலி வந்துவிட்டது. அதையே போட்டு அனுப்பினாள். பாழாய்ப்போன ஆசை. அதனால்தான் பிள்ளை போனது என்று இன்றும் நம்பி அழுகிறாள்.

“நம்ம பிள்ளய எங்கங்க வச்சீங்க? இன்னைக்காவது சொல்லுங்க. ஒரு விளக்காச்சும் வைக்கிறேன்.”

“அந்த மலையத் தோண்டி புதுத் தேயிலக் கன்னு வச்சிட்டாங்க ஜீவா. தோண்டுறப்ப நான் பக்கத்துலயே நின்னேன். பிள்ளைக்கு நான் அடிச்ச பெட்டி அங்க இல்ல.”

மறுபடியும் தட்டியது.

பலகைக்குக் கீழே. மெல்ல. விட்டுவிட்டு.

“தெறங்க,” என்றாள்.

“பயமா இருக்கு.”

“தெறங்கங்க.”

கைபேசியைச் சாய்த்து வைத்தான். கடப்பாரை. பலகை முனகியது. இருட்டு. அதற்குள் ஒரு சின்னப் பெட்டி. அவன் அடித்த ஆணிகள். மூடி எழும்பியது.

கந்தப்பளைச் செம்மண். ஈரம் காயாமல்.

மஞ்சள் சட்டை.

அதற்கு ஒரு கைதான் இருந்தது. மறுபக்கத்து ஓட்டை வழியே குளிரில் நீலம் பாய்ந்த குட்டிக் கையொன்று வெளியே நீண்டிருந்தது. அதன் விரல்கள், மூடியைத் தட்டிய வாக்கிலேயே, இன்னும் மடங்கியிருந்தன.