நேர்வாக்கியம் பேசாதவர்

பேருந்துக் கதவின் முன் நின்று ரோஸ்லின், "ஐ வுட் லைக் டு கோ டு தி ஹார்பர்" என்றாள். கதவில் பதித்திருந்த, பேச்சைக் கேட்டு அளக்கும் சொல்லளவி பச்சை காட்டியது; கதவு திறந்தது. அவளுக்குப் பின்னால் வந்த மீன்கார அம்மாள் "ஹார்பருக்கு ஒரு ஆளு" என்று சொல்லிப் பார்த்தாள். சிவப்பு. கூடையை இறக்கி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, முழு வாக்கியத்தையும் ஒப்பித்த பிறகுதான் அந்த அம்மாளால் ஏற முடிந்தது. தூத்துக்குடியில் இதை யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை.

யார், என்ன செய்கிறார், எதை என்ற வரிசையில் வரும் ஆங்கில வாக்கியத்துக்கு நேர்வாக்கியம் என்று பெயர். இயந்திரங்களுக்கு அது சட்டென்று புரிகிறது என்று பெரிய மூளைக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். இயந்திரத்துக்கு மற்றதைச் சொல்லிக்கொடுப்பதைவிட மனிதர்களைத் திருத்துவது மலிவு என்பதையும் அவர்களே கண்டுபிடித்தார்கள். அப்புறமென்ன, வங்கி, லிப்ட், ரேஷன் கடை, வீட்டு வாசல் என்று எல்லா இடத்திலும் சொல்லளவி வந்து உட்கார்ந்துகொண்டது. நாக்கு வளைந்ததோடு தமிழும் கூடவே வளைந்தது. டீக்கடையில் "நான் விரும்புகிறேன் ஒரு டீ" என்கிறார்கள். "நாங்கள் இருக்கிறோம் மகிழ்ச்சியாக, உங்களை அழைப்பதில்" என்று கல்யாணப் பத்திரிகை அடிக்கிறார்கள். படிக்கிறவர்கள் சிரிப்பதுகூட இல்லை.

ரோஸ்லின் வேலை பார்த்தது அவசர அழைப்பு நிலையத்தில். நேர்வாக்கியத்தில் அழைத்தால் ஆம்புலன்ஸ் தானாகக் கிளம்பிவிடும். சொல்லளவி தள்ளிவிட்ட அழைப்புகள் மட்டும் அவளைப் போன்ற செவியாளர்களிடம் வரும். அவர்கள் நினைத்தால் பொத்தானை அழுத்தி வண்டியை அனுப்பலாம். அழுத்தாவிட்டால் அழைப்பு சற்று நேரத்தில் தானே அணைந்துவிடும். ஏன் அழுத்தவில்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

செவியாளர் என்ற வேலையே இல்லாத காலத்தில்தான் அவள் கணவன் சவரிமுத்து செத்துப்போனான். உப்பு லாரி ஓட்டியவன். சமையலறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். "ஐயோ, மூச்சு விடமாட்டேங்காரே, சீக்கிரம் வாங்களேன்" என்று அவள் கதறக் கதற, யார் என்பதில் தொடங்கச் சொல்லி இயந்திரம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது. அவளுக்கு அன்றைக்குத் தெரிந்த ஆங்கிலம் தேங்க்யூ மட்டும்தான்.

அந்தச் சாவு பற்றிய விசாரணைக்கு, சொல்லளவியை வடிவமைத்த கோமதிநாயகம் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை. "எ ராங் இன்புட் வாஸ் ரிசீவ்ட்" என்றார். தவறான உள்ளீடு பெறப்பட்டது. அவ்வளவுதான். சட்டையைப் பிடித்து உலுக்க அந்த வாக்கியத்துக்குள் ஓர் ஆளும் இல்லை. ஆனால் தவறாகச் சொன்னவள் யார் என்று கூடியிருந்த எல்லோரும் திரும்பி அவளைத்தான் பார்த்தார்கள். புருஷனைக் கொன்ற நாக்கு அவளுடையது என்று ஆகிவிட்டது. அந்த எரிச்சலில்தான் ரோஸ்லின் ஆங்கிலம் படித்தாள். வெறி பிடித்தவளாகப் படித்து, இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். மனுஷன் என்று இருந்தால் அந்த ஆளும் ஒருநாள் வாக்கியம் குழறி அழைக்காமலா போவான் என்று காத்திருந்தாள்.

அன்று மதியம் கோமதிநாயகம் அழைத்தார். திரையில் பெயரும் முகவரியும் வந்தன. கீழே சிவப்பு எழுத்தில் 'வடிவம் இல்லை'. ரோஸ்லினுக்குக் காது சூடேறியது.

"கை... கை வரமாட்டேங்கு... யாராச்சும்..." என்றது கோமதிநாயகத்தின் குரல். வாய் ஒரு பக்கம் இழுத்திருக்க வேண்டும், சொல் வழுக்கியது.

"ப்ளீஸ் ஸ்டார்ட் வித் ஹூ" என்றது சொல்லளவி.

"நான்... நான்தான்... ஐயோ, வரமாட்டேங்கே..."

பக்கத்து நாற்காலியில் இருந்த பெனிட்டா எட்டிப் பார்த்தாள். "பக்கவாதம்க்கா. எங்க மாமாவுக்கும் இப்படித்தான், படிச்ச பாஷை மொத்தமாப் போயிட்டு. சின்ன வயசுல பேசுனது மட்டுந்தான் மிச்சம். திரும்ப வரவே இல்ல. அமுத்துங்கக்கா!"

ரோஸ்லின் அழுத்தவில்லை. கையை மடியிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள். பொய் சொல்வானேன், இனித்தது. இத்தனை வருஷமும் அவள் தூக்கத்தில் கேட்ட கதறல் இப்போது வேறொரு தொண்டையிலிருந்து வந்துகொண்டிருந்தது. சும்மா இருந்தாலே போதும், கணக்குத் தீர்ந்துவிடும். பெனிட்டா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். அந்த உலுக்கலில்தான் பெனிட்டா சற்றுமுன் சொன்னது அவளுக்கு முழுசாக உறைத்தது. திரும்ப வரவே இல்லையாம்.

பொத்தானை அழுத்தினாள். "வண்டி வருது சார். கண்ண மூடிராதீங்க. நீங்க சாகவே கூடாது" என்றாள்.

"நல்ல மனசுக்கா ஒங்களுக்கு" என்றாள் பெனிட்டா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"நல்ல மனசா? போடி. செத்தா தப்பிச்சிருவான். பொழச்சு வந்து அவன் வச்ச ஒவ்வொரு கதவு முன்னாலயும் நிக்கட்டும்."

பெனிட்டா நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு காலையில் ரோஸ்லின் அவருடைய அடுக்குமாடிக்குப் போனாள். பார்க்கத்தான் போனாள், வேறு சாக்கு எதுவும் இல்லை. அவர் வெளிவாசலில், வெயிலில் நின்றிருந்தார். ஒரு கை தொங்கியது. மறு கையில் பால் பாக்கெட். யாரோ வெளியே போகும்போது கூடவே வந்துவிட்டார் போலிருக்கிறது. உள்ளே போக முடியவில்லை. மகன் கனடாவில். கதவிடம் "தெறப்பா... என் வீடுதான... தெறயேன்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அது சிவப்பாகவே இருந்தது.

அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அவள் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. "தாயி, நீ சொன்னா கேக்கும். ஒரு வார்த்த சொல்லேன். வெயிலு தாங்கல."

கதவைத் திறக்கும் வாக்கியம் அவள் நாக்கு நுனியில் இருந்தது. அவர் எழுதிய வாக்கியம்தான். பிழையில்லாமல் சொல்லியிருப்பாள்.

"நீங்க சொல்றது எனக்கு நல்லாப் புரியுது சார்" என்றாள் ரோஸ்லின். "ஒவ்வொரு வார்த்தையும் புரியுது."

பிறகு பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.