முதல் குரலுக்குப் பதில்

நெனிதா இரண்டு முறை "கரிபு" சொன்ன பிறகும் யாரும் உள்ளே வரவில்லை.

வாசலில் "ஹோடி" என்று ஒரு குரல் கேட்டது உண்மை. சுவாஹிலி பேசும் இந்தக் கடற்கரை ஊரான பங்கானியில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. வந்தவர் வாசலில் நின்று ஹோடி என்பார். கரிபு, உள்ளே வாங்க என்பது வீட்டுக்காரரின் பதில். கடல்பாசி வளர்க்கக் கற்றுக்கொடுக்கும் வேலைக்காகப் பிலிப்பைன்ஸிலிருந்து வந்து, ஆற்றங்கரைச் சந்தின் கடைசி வீட்டில் தனியாகக் குடியேறிய நாளிலிருந்து, அவள் அந்த ஒரு சொல்லுக்காக ஏங்கிக்கிடந்தாள். பாசி கட்டும் பெண்கள் கரையில் நன்றாகத்தான் சிரித்துப் பேசுவார்கள். வேலை முடிந்ததும் அவரவர் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்கள். சந்தில் எல்லா வாசலிலும் ஹோடி கேட்கும், அவள் வாசலைத் தவிர. அதனால் அன்று அந்தி மங்கும் வேளையில், தேங்காய்ப்பால் சோறு கொதித்துக்கொண்டிருந்தபோது அந்தக் குரல் வந்ததும், அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கரண்டியைப் போட்டுவிட்டு, கரிபு, கரிபு என்று கத்திக்கொண்டே ஓடினாள்.

வெளியே மழைதான் இருந்தது. வாசல் திரை, காற்றே இல்லாதபோதும், உள்பக்கமாக உப்பி மெல்ல அடங்கியது. படிக்கு இந்தப் பக்கம், சிமெண்டுத் தரையில், கொஞ்சம் ஈரம். யாரோ பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. சோறும் அடிபிடித்துவிட்டது.

அதன் பிறகு வீட்டில் ஒரு வாடை தங்கியது. கடல் வற்றிய சேற்றில் நாள்பட்டுக் கிடக்கும் பாசியின் வாடை. தன் துணியில்தான் ஒட்டிக்கொண்டு வருகிறது என்று நெனிதா இரண்டு மூன்று தரம் துவைத்தாள், போகவில்லை. தேங்காய் துருவ உட்காரும் குட்டைப் பலகை, காலையில் தொட்டால், யாரோ இப்போதுதான் எழுந்துபோனதுபோல் ஈரமாக இருந்தது. கழுவிக் கவிழ்த்த தட்டுகளில் ஒன்று நிமிர்ந்து கிடந்தது. தனியாக இருப்பவளுக்கு இதெல்லாம் தோன்றத்தான் செய்யும் என்று தன்னையே அதட்டினாள்.

வீட்டில் பேச ஆளில்லாதவர்கள் செய்வதைத்தான் அவளும் செய்தாள். வாய்விட்டுப் பேசினாள். தகரக் கூரையில் மழை சலசலக்க, விளக்கடியில் உட்கார்ந்து, கரையில் கற்ற சுவாஹிலிச் சொற்களை உருப்போடுவாள். மீன் என்ன விலை. கடல் எப்போது வற்றும். உங்கள் பிள்ளைகள் நலமா. ஒரு மாலை, மழை சட்டென்று நின்ற இடைவெளியில், பின்னறைத் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, குழந்தை பாடம் ஒப்பிப்பதுபோல், தாழ்ந்த குரல் ஒன்று கேட்டது.

"உங்க பிள்ளைங்க நலமா?"

விளக்கைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தாள். அறையில் கட்டில் இருந்தது. கட்டிலின் நடுவில் ஈரக் குழி இருந்தது.

கணவன் போன பிறகு நெனிதாவுக்கு இந்த உலகத்தில் இருப்பது மகள் லிகாயா ஒருத்திதான். அம்மா முதலில் காலூன்றட்டும், டிசம்பரில் மகள் வரட்டும் என்பது ஏற்பாடு. தினமும் இங்கே பொழுது சாயும்போது, அங்கே படுக்கப்போகும் முன், அவள் அழைப்பாள்.

"அம்மா, கூட யாரு?"

"யாருமில்லையே."

"நீ சொன்னதையே பின்னாடி யாரோ மெதுவா சொல்றாங்க. 'சாப்பிட்டியா கண்ணு'ன்னு ரெண்டு தடவ கேட்டுச்சு."

"லைன் சரியில்லடி."

"டிக்கெட் போடவா வேண்டாமான்னு கேட்டா அதுக்கும் மழுப்புறே. என்னாச்சும்மா உனக்கு?"

"இப்ப வேணாம். வீடு சரியில்ல. நானே சொல்றேன், அதுவரைக்கும் வராதே."

அன்றோடு நெனிதா வீட்டுக்குள் பேசுவதை நிறுத்திக்கொண்டாள்; மகள் அழைத்தாலும் வெளியே போய்த்தான் பேசினாள். அது நிறுத்தவில்லை. விளக்கணைத்த பிறகு திரைக்குப் பின்னால் முணுமுணுப்பு தொடரும். முதலில் சுவாஹிலி. பிறகு அவள் தாய்மொழி. சாப்பிட்டியா கண்ணு. சாப்பிட்டியா, கண்ணு. ஒரு தரம் குரல் பிசகும். நிறுத்தி, திருத்தி, மறுபடி சொல்லும். அவள் தலையணையில் வாயை அழுத்திக்கொண்டு கிடப்பாள். போவதற்கு வேறு வீடு இல்லை. சொல்லி அழ ஆள் இல்லை.

மூன்றாம் வீட்டு சுவேனா கருப்பட்டி நிறத்தில் மண்டாசி அப்பம் பொரித்து விற்பவள். ஊர் வாயையே மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்தவள். இங்கே தாயைப் பிள்ளையின் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நெனிதாவையும் அவள்தான் முதலில் அப்படிக் கூப்பிட்டாள். ஒரு மாலை கரையிலிருந்து திரும்பிய நெனிதாவைச் சுவேனா தன் வாசலிலேயே மடக்கினாள்.

"லிகாயாம்மா, கெட்டிக்காரிடி நீ! நேத்து சாயங்காலம் என்னமா பேசினே. இந்த ஊர்லயே பொறந்தவ தோத்தா."

"நேத்து சாயங்காலம்... நான் கரையில. இருட்டற வரைக்கும்... கரையில."

"இன்னிக்கு மறுபடி திக்குறியே? நான்தானே ஹோடி சொன்னேன். மூணாவது தடவைக்கு கரிபுன்னே. மண்டாசி குடுத்தேன், திரைக்குப் பின்னாலருந்தே கை நீட்டி வாங்கினே. கைதான் ஜில்லுன்னு இருந்துச்சு. தண்ணியில நின்னவ கைன்னு நெனச்சேன்."

நெனிதா எண்ணெய்ச் சட்டி பக்கத்தில் அப்படியே உட்கார்ந்து, தெரிந்த சொற்களைக் கூட்டிக்கூட்டி எல்லாவற்றையும் சொன்னாள். மழை, சோறு, அந்த ஹோடி.

சுவேனா அடுப்பிலிருந்து சட்டியை இறக்கினாள். சிரிப்பு போயிருந்தது.

"எத்தன தடவ கூப்பிட்டுச்சு?"

"ஒரு தடவ."

"முதல் குரலுக்கேவா பதில் சொன்னே?"

அந்தச் சந்தில் நடக்கப் பழகும் குழந்தைக்கும் தெரியும், அந்தி நேரத்தில் முதல் ஹோடிக்கு வாய் திறக்கக் கூடாதென்று. மனிதர்கள் மூன்று முறை கூப்பிடுவார்கள். போக்கிடம் இல்லாத மற்றதற்கு ஒரு முறைதான் குரல் வரும். எல்லோருக்கும் தெரிந்ததை யார் வேலைமெனக்கெட்டுச் சொல்லித்தருவார்கள்? ஒருவருக்கும் தோன்றவில்லை.

"போகச் சொல்ல... முடியாதா?"

"கூப்பிட்டு உள்ள விட்டவங்களப் போன்னு சொல்ற பழக்கம் எங்ககிட்ட இல்லையேடி." சுவேனா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வந்ததைத் தனியா விட்டுட்டு மட்டும் போகக் கூடாது. இருட்டறப்ப வீட்டுக்காரி வீட்டுல இல்லேன்னா, வீடு அதுக்குப் பழகிடும், அப்புறம் அதுதான் வீட்டுக்காரி. நேத்தே நீ இல்ல. இனிமே நீ தனியா உள்ள போகாதே, இன்னிக்கு இங்கயே படு. தொழுகை முடியட்டும், என் வீட்டுக்காரரக் கூட்டிக்கிட்டு நான் போய்ப் பாத்துட்டு வர்றேன்."

பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கான மக்ரிப் பாங்கு எழுந்தது.

போன். காலையில் சார்ஜில் போட்டது. வீட்டில் இருக்கிறது. லிகாயா கூப்பிடும் நேரம்.

நெனிதா கையை உதறிக்கொண்டு ஓடினாள்.

சந்து இருட்டிவிட்டது. சேறு காலை இழுத்தது. மூச்சு எரிந்தது. கடைசி வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கதவைத் தள்ளினாள். உள்பக்கம் தாழ். தேங்காய்ப்பால் சோற்றின் மணம் வந்தது. நல்ல மணம். அடிபிடிக்காத சோறு.

ஜன்னலுக்கு ஓடினாள். கம்பிக்கு அப்பால், குட்டைப் பலகையில், முதுகைக் காட்டி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நெனிதாவின் மஞ்சள் துண்டு தோளில். நெனிதாவின் கொண்டை. துண்டின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நீட்டிய கையில் போன். திரையில் லிகாயாவின் முகம். அந்த முகம் எதிரே இருந்த முகத்தைப் பார்த்துச் சிரித்தது.

"சாப்பிட்டியா கண்ணு?"

பிசகே இல்லை.

"சாப்பிட்டேம்மா. இன்னிக்குத்தான் நீ பழைய மாதிரி பேசுறே."

"வீடு சரியாயிடுச்சு. டிசம்பர் எதுக்கு? இப்பவே வா."

வேண்டாம் என்று நெனிதா கத்தினாள். வேண்டாம் என்றுதான் கத்தினாள். வாயிலிருந்து வந்தது அதுவல்ல.

"ஹோடி!"

உள்ளே இருந்தவள் பேச்சை நிறுத்தினாள். தலையைச் சற்றே சாய்த்தாள். அடுத்த குரலுக்காகக் காத்திருக்கும் ஊர்ப்பெண்போல.

நெனிதா மறுபடி வாயைத் திறந்தாள். காற்றுகூட வரவில்லை. தொண்டையில் சேறு. பாசி வாடை. கம்பியைப் பிடித்து உலுக்கினாள். சத்தமில்லை.

சந்தில் வெளிச்சம் ஆடியது. சுவேனா. புருஷனோடு, லாந்தரோடு. அந்த ஹோடி அவள் காதிலும் விழுந்திருந்தது. நடுச்சந்தில் நின்றுவிட்டாள். நெனிதா கைகளை வீசினாள். வெளிச்சம் அவள்மேல் படர்ந்து, பின்னாலிருந்த சுவரில் தடையில்லாமல் விழுந்தது. சுவேனா வாயைப் பொத்திக்கொண்டு இரண்டாவது குரலுக்காகக் காத்திருந்தாள்.

காத்திருந்தாள்.

பிறகு புருஷன் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வேகமாக நடந்தாள்.

"யாரும்மா வாசல்ல?" போனில் லிகாயா கேட்டாள்.

"யாருமில்ல கண்ணு. ஒரு தடவதானே கூப்பிட்டுச்சு." ஈரக் கை ஒன்று பின்னால் நீண்டு ஜன்னல் கதவை இழுத்தது. "சொல்லு. எப்ப வர்றே?"